தோட்டத்தில் தொடங்கும் போர் வரலாறு: ஆரம்பப் பள்ளி மாணவர்களுக்கான கல்விச் சுற்றுலா, முழுமையான வழிகாட்டி

தமிழ்ப்பள்ளிச் சுற்றுலா என்றால் பெரும்பாலும் ஒரே தடம்தான்: கோலாலம்பூர், இரட்டைக் கோபுரம், மிருகக்காட்சி சாலை, திரும்பும் வழியில் ஒரு பேரங்காடி. பிள்ளைகளுக்குப் பிடிக்கும், நானும் குறை சொல்லவில்லை. ஆனால் நான்காம் ஆண்டிலேயே வரலாறு ஒரு பாடமாக வந்துவிடுகிறது. பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டத்து ஊரில் இருக்கும் நமக்கு, இரண்டாம் உலகப் போர் நடந்த இடங்கள் ஒரு மணி நேரப் பயணத்துக்குள்ளேயே கிடக்கின்றன. தெற்கே ஈப்போ, பாப்பான், கம்பார். வடக்கே தைப்பிங். பேருந்துச் செலவும் குறைவு, அன்றைக்கே வீடு திரும்பலாம்.

ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். அதற்குக் கீழே வேண்டாம். கல்லறைத் தோட்டத்தில் ஏழு வயதுப் பிள்ளையைப் பிடித்து நிறுத்துவதற்கே ஆசிரியரின் சக்தி முழுவதும் போய்விடும்.

முதல் வேலை: பயணம் தோட்டத்திலிருந்து தொடங்கட்டும்

போர் நினைவிடங்கள் பெரும்பாலும் சிப்பாய்களுக்கானவை. கல்லில் பெயர், படைப்பிரிவு, தேதி எல்லாம் இருக்கும். தோட்டத்துத் தமிழர்கள் அந்தப் போரில் பட்ட பாட்டுக்கு அப்படிக் கல் இல்லை. ஜப்பானியருக்காக சயாம்–பர்மா (இன்றைய தாய்லாந்து–மியன்மார்) ரயில் பாதை போட நம் தோட்டங்களிலிருந்து போனவர்களில் பலர் புதைத்த இடமே தெரியாமல் போனார்கள். நேரே தைப்பிங்குக்குக் கூட்டிப் போய் நிறுத்தினால், போர் என்பது வெள்ளைக்காரனும் ஜப்பான்காரனும் போட்ட சண்டை, நமக்கு அதில் வேலையில்லை என்றுதான் பிள்ளை நினைத்துக்கொள்ளும். எனவே வரிசை முக்கியம். முதலில் வீடும் தோட்டமும், அதன் பிறகு நினைவிடங்கள். இந்த வழிகாட்டியில் நான் விட்டுக்கொடுக்காத விஷயம் இது ஒன்றுதான். மற்றதையெல்லாம் உங்கள் வசதிப்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுங்கள். வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ உள்ள மூத்தவர் ஒருவரிடம் ‘ஜப்பான்காரன் காலம்’ பற்றிக் கேட்டு வர வேண்டும். அந்தக் காலத்தை நேரில் பார்த்தவர்கள் இப்போது மிகச் சிலர்தான், தொண்ணூறை ஒட்டிய வயது. ஆனால் எழுபது, எண்பது வயதுத் தாத்தா பாட்டிகள் தங்கள் அப்பா அம்மா சொன்னதைக் கேட்டு வளர்ந்தவர்கள். அதுவே போதும்.

“போர் எப்படி இருந்தது?” என்று கேட்கச் சொல்லாதீர்கள். “கஷ்டம்தான் ஐயா” என்ற பதிலோடு முடிந்துவிடும். சின்னச் சின்னதாகக் கேட்க வேண்டும். சோறு இல்லாதபோது என்ன சாப்பிட்டார்கள்? துணிக்கு என்ன செய்தார்கள்? நம் குடும்பத்திலோ லயத்திலோ (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) சயாமுக்குப் போனவர் உண்டா? அவர் பெயர் என்ன, திரும்பி வந்தாரா? அப்போது எந்தத் தோட்டத்தில் இருந்தோம்? மரவள்ளிக்கிழங்கு, சாக்குத் துணி, வாழைமர நோட்டு (ஜப்பான் காலத்துப் பணம்) என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். மூத்தவர் பேச விரும்பாவிட்டால் வற்புறுத்தக் கூடாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒன்றில் கவனம் தேவை. நம் பெரியவர்கள் சொல்லும்போது ஜப்பான் காலமும் அதற்கப்புறம் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை ஒடுக்க பிரிட்டிஷ் அரசு அறிவித்த அவசரகாலமும் ஒன்றோடு ஒன்று கலந்துவிடும். முள்வேலி, ஊரடங்கு, அரிசியை அளந்து கொடுத்தது, லயங்களை ஓரிடத்தில் கூட்டிக் குடியேற்றியது ஆகியவை பெரும்பாலும் 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்து நினைவுகள். அந்த அவசரகாலமே சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில்தான் வெடித்தது. 1948 ஜூன் 16ஆம் தேதி எல்பில் தோட்டத்திலும் அடுத்திருந்த இன்னொரு தோட்டத்திலும் வெள்ளைக்காரத் துரைகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆகவே வகுப்புப் பலகையில் இரண்டு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்: 1941–45, 1948–60. பிள்ளைகள் கொண்டுவரும் செய்திகளை எந்தக் கட்டத்தில் போடுவது என்று அவர்களே வாதாடட்டும். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வரலாற்றுப் பாடம் இல்லை.

அனுமதியும் காகித வேலையும்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். தலைமையாசிரியர் ஒப்புதல், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆதரவு, மாவட்டக் கல்வி இலாகாவின் அனுமதி, ஒவ்வொரு பெற்றோரின் கையெழுத்து, காப்புறுதி விவரம், பேருந்து நிறுவனத்தின் உரிமமும் ஓட்டுநர் விவரமும். எந்தப் பாரம், எத்தனை நாள் முன்னதாக, எத்தனை மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பதெல்லாம் சுற்றறிக்கைக்குச் சுற்றறிக்கை மாறும். பழைய கோப்பைப் பார்த்து நகலெடுக்காமல் இலாகாவில் நேரே கேட்டுவிடுங்கள். இரண்டு மாதம் முன்பே தொடங்கினால் மூச்சுவிட நேரம் இருக்கும்.

பெற்றோருக்கு அனுப்பும் கடிதம் தமிழிலும் இருக்கட்டும். “லாவாத்தான்” (மலாயில் சுற்றுலா) என்று மட்டும் எழுதி அனுப்பினால், பிள்ளை நீச்சல் குளத்துக்குப் போவதாக நினைத்து ஈரத்துண்டும் மாற்றுடையும் கட்டிக் கொடுக்கும் அம்மாக்கள் உண்டு. கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறோம் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். சில குடும்பங்களுக்கு இதில் தயக்கம் இருக்கும். வீட்டில் அண்மையில் சாவு நடந்திருக்கலாம், வழக்கப்படி தீட்டு பார்க்கலாம். அவர்களிடம் தனியாகப் பேசுங்கள். வர விரும்பாத பிள்ளையை வற்புறுத்த வேண்டாம். பள்ளியில் நடக்கும் கண்காட்சி வேலையில் அவனுக்கு நல்ல பங்கு கொடுத்துவிடலாம்.

பணம் என்று வந்தால், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு முப்பது வெள்ளியும் பெரிய தொகைதான். மூன்று பிள்ளைகள் ஒரே பள்ளியில் படிக்கும் வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். கோவில் நிர்வாகம், முன்னாள் மாணவர்கள், ஊர்க் கடைக்காரர்கள் என்று கேட்டுப் பார்க்கலாம். யாருக்கு இலவசம் என்பது வகுப்பில் யாருக்கும் தெரியக் கூடாது. எல்லாருடைய பணமும் ஒரே மாதிரி உறையில் வந்து சேர ஏற்பாடு செய்துவிடுங்கள்.

எங்கே போவது

ஒரு நாளுக்கு இரண்டு இடம் போதும். மூன்றாவது இடத்தில் பிள்ளைகள் எதையும் பார்க்க மாட்டார்கள், சாப்பாட்டையே கேட்பார்கள்.

தைப்பிங் போர்க் கல்லறைத் தோட்டம் என் முதல் தேர்வு. புக்கிட் லாருட் அடிவாரத்தில் இருக்கிறது. அங்கே 850க்கு மேற்பட்ட இரண்டாம் உலகப் போர்ச் சிப்பாய்கள் கிடக்கிறார்கள். அவர்களில் பாதிக்கு மேல் பெயர் தெரியாதவர்கள். மலைக்குப் போகும் சாலை தோட்டத்தை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு பக்கம் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் இந்து, முஸ்லிம், சீக்கிய, கூர்க்கா வீரர்கள். பெரும்பாலான சுற்றுலாக்காரர்கள் முதல் பக்கத்தோடு திரும்பிவிடுவார்கள். நீங்கள் இரண்டாவது பக்கத்தில் அதிக நேரம் நில்லுங்கள். வடமலாயாவைக் காக்க நின்ற படையின் பெயரே 11ஆவது இந்தியக் காலாட்படைப் பிரிவு. பஞ்சாபிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்த இருபது வயதுப் பையன்கள் அதில் இருந்தார்கள்.

தைப்பிங் மழை ஊர். பிற்பகலில் வானம் கொட்டும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். காலை ஒன்பதுக்குள் கல்லறைத் தோட்டம், அடுத்து பேராக் அருங்காட்சியகம். 1883இல் தொடங்கியது, நாட்டிலேயே பழையது. மழை வந்தாலும் கூரைக்கடியில் இருப்போம். பக்கத்திலேயே ஏரிப் பூங்காவும் மிருகக்காட்சி சாலையும் இருக்கின்றன. பிள்ளைகள் அந்தப் பலகையைப் பார்த்துவிடுவார்கள், ஆகவே “போகிறோம்” அல்லது “போகவில்லை” என்பதைப் பேருந்து கிளம்பும் முன்பே சொல்லி முடித்துவிடுங்கள். நடுவழியில் அந்தப் பேச்சை எடுத்தால் அன்றைக்கு வேறு எதுவும் நடக்காது.

ஈப்போ–பாப்பான் பாதை இரண்டாவது தேர்வு. ஈப்போ ரயில் நிலையத்துக்கு எதிரே போர் நினைவுத் தூண் நிற்கிறது. முதலாம் உலகப் போருக்காக எழுப்பிய தூண் அது. பிறகு வந்த போர்களையும் அதில் சேர்த்தார்கள். சயாம்–பர்மா ரயிலில் மாண்டவர்களுக்கான நினைவுத் தகடும் அங்கே உண்டு. சின்னத் தகடுதான், அதற்கு முன் பிள்ளைகளை உட்கார வையுங்கள். எதிரே ரயில் நிலையம், தண்டவாளம். வீட்டுப்பாடத்தில் கிடைத்த பெயர்களைச் சத்தமாக வாசிக்க இதைவிடப் பொருத்தமான இடம் நம் வட்டாரத்தில் கிடையாது.

பாப்பான், பூசிங் பக்கத்தில் கிட்டத்தட்ட வெறிச்சோடிப் போன ஒரு பழைய ஈய ஊர். அதன் பெரிய தெருவில் 74ஆம் எண் வீட்டில்தான் சிபில் கார்த்திகேசு இருந்தார். 1899இல் பிறந்த தாதி. கணவர் டாக்டர் கார்த்திகேசு. ஜப்பானியர் ஈப்போவுக்கு வரும் முன்பே பாப்பானுக்கு இடம்பெயர்ந்து, ஏழைகளுக்கும், காட்டிலிருந்து இரவில் வந்த எதிர்ப்புப் படையினருக்கும் வைத்தியம் பார்த்தார்கள். வானொலியை ஒளித்துவைத்துக் கேட்டார்கள். அன்றைக்கு அது உயிரை வாங்கும் குற்றம். 1943இல் சிபில் கைதானார். கடுமையான சித்திரவதைக்குப் பிறகும் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. போர் முடிந்ததும் சிகிச்சைக்காக பிரிட்டனுக்குக் கொண்டு போனார்கள். ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. 1948 ஜூனில் அங்கேயே இறந்தார். பிறகு உடல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஈப்போவில் அவர் பெயரில் ஒரு சாலையும் இருக்கிறது.

அந்த வீட்டை அக்கறையுள்ளவர்கள் பராமரித்து வருகிறார்கள். எப்போதும் திறந்திருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள், முன்கூட்டியே கேட்டு நேரம் வாங்குங்கள். தெருவில் இடிந்து விழும் நிலையில் பல கடைவீடுகள் இருக்கின்றன. வரிசையாக, சுவர்களை விட்டு விலகி நடக்க வேண்டும். பேருந்து எங்கே திரும்பும், எங்கே நிற்கும் என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே போய்ப் பார்த்துவிடுவது நல்லது. கழிப்பறையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கம்பார் மூன்றாவது. 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை அந்த ஊருக்கு மேலே உள்ள மேட்டுத் தொடர்களில் பிரிட்டிஷ், இந்தியப் படையினர் ஜப்பானியரை நான்கு நாள் தடுத்து நிறுத்தினார்கள். கெடாவின் ஜித்ராவிலிருந்து பின்வாங்கிக்கொண்டே வந்த படைக்கு அது பெரிய சாதனை. ஜப்பானியர் கடல்வழியாகத் தெலுக் இந்தான் பக்கம் வந்து பின்னால் இறங்கியதால்தான் அங்கிருந்து விலக நேர்ந்தது. பச்சை மேடு என்று சொல்லும் பகுதி காட்டுச் சரிவு. சின்னப் பிள்ளைகளோடு ஏற வேண்டாம். கீழிருந்து மலையைக் காட்டி, படம் வரைந்து விளக்கினால் போதும். ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் ஆறாம் ஆண்டு, வறண்ட காலம், இடம் தெரிந்த உள்ளூர்க்காரர். இந்த மூன்றும் இருந்தால் மட்டும்.

வேறு ஊர்களில் இருப்பவர்களுக்குச் சில குறிப்புகள். தாப்பா, தஞ்சோங் மாலிம் பக்கம் என்றால் சிலிம் ரிவர்: 1942 ஜனவரி 7 விடியலில் ஜப்பானிய டாங்கிகள் சாலையோடு சாலையாக ஊடுருவி இரண்டு படையணிகளைச் சிதறடித்தன. நான்கு நாளில் கோலாலம்பூர் விழுந்தது. கெடா என்றால் ஜித்ராவும் குரூணும். கெமாஸ் வட்டாரத்துக்கு, 1942 ஜனவரி 14இல் ஆஸ்திரேலியப் படையினர் பாலத்தருகே பதுங்கித் தாக்கிய கெமெஞ்சே.

பயணத்துக்கு முன் வாரம்: வகுப்பறையில்

இங்கேதான் பிள்ளைகள் மாட்டிக்கொள்வார்கள், நல்ல அர்த்தத்தில்.

நிலப்படம் ஒன்றை ஒட்டி, 1941 டிசம்பர் 8ஆம் தேதி அதிகாலை கோத்தா பாருவில் ஜப்பானியர் இறங்கியதைக் குறியுங்கள். அங்கிருந்து 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது வரை ஒரு நூலை ஒட்டிக்கொண்டே போங்கள். எழுபது நாள். நம் ஊர் அந்த நூலில் எங்கே என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். ஜப்பானியச் சிப்பாய்கள் பெரும் எண்ணிக்கையில் சைக்கிளில் வந்தார்கள் என்றால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். டயர் கிழிந்தபின் வெறும் விளிம்பிலேயே ஓட்டினார்களாம்.

அடுத்து கடிகாரம். ஆக்கிரமிப்பின்போது மலாயாவின் நேரம் தோக்கியோ நேரமாக மாற்றப்பட்டது. அதாவது கடிகாரம் ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. வகுப்புக் கடிகாரத்தையும் ஒரு நாள் அப்படித் தள்ளிவையுங்கள், தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு. ஓய்வு நேரம் எப்போது என்று அவர்கள் குழம்புவதே பாடம். ஆண்டுக்கணக்கும் மாறியது: 1942 ஜப்பானியக் கணக்கில் 2602. மற்ற ஆண்டுகளைக் கணக்கிடச் சொன்னால் கணித வகுப்பும் முடிந்தது.

வாழைமர நோட்டு யாரிடமாவது இருக்கும். பத்து வெள்ளித் தாளில் வாழைமரம் அச்சிட்டிருந்ததால் அந்தப் பெயர். கிடைத்தால் கையில் கொடுத்துப் பார்க்க விடுங்கள். கண்டபடி அச்சடித்ததால் போர் முடியும் நேரத்தில் ஒரு கட்டு நோட்டுக்கும் மதிப்பில்லை. ரப்பருக்கு வெளிச்சந்தை இல்லாமல் போனது, தோட்டத்தில் வேலை இல்லை, பர்மாவிலிருந்து வந்த அரிசியும் வற்றியது. சயாமுக்கு ஆள் எடுத்தபோது பலர் போனதற்குப் பின்னணி இதுதான். இதைச் சொல்லாமல் ‘ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போனான்’ என்று மட்டும் சொன்னால் பாதிக் கதை.

அந்த ரயில் பாதையைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய அளவு: சயாமிலிருந்து பர்மா வரை 415 கிலோமீட்டர், 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். 60,000க்கு மேற்பட்ட போர்க்கைதிகளும் அதைவிடப் பன்மடங்கு ஆசியத் தொழிலாளர்களும் உழைத்தார்கள். மலாயாவிலிருந்து போனவர்கள் பல்லாயிரம், அவர்களில் பெரும்பான்மை தோட்டத்துத் தமிழர்கள். மூன்று மாத வேலை, நல்ல கூலி, சாப்பாடு என்று சொல்லித்தான் முதலில் சேர்த்தார்கள். ஆள் போதாதபோது வலுக்கட்டாயமாகவும் ஏற்றினார்கள். இலவசப் படம் காட்டுவதாகக் கூட்டி, அங்கிருந்து நேரே ரயிலேற்றிய கதைகளும் உண்டு. மழைக்காடு, பட்டினி, மலேரியா, 1943 மழைக்காலத்தில் காலரா. போர்க்கைதிகளில் 12,000க்கு மேல் இறந்தார்கள். அவர்களுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறை இருக்கிறது. ஆசியத் தொழிலாளர் சாவு அதைப்போல் பல மடங்கு, சரியான கணக்கே எடுக்கவில்லை. இந்த இரண்டு வாக்கியத்தையும் அடுத்தடுத்துச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். விளக்கம் தேவைப்படாது.

சித்திரவதை விவரங்கள் வேண்டாம். சிபில் கார்த்திகேசுவின் கதையில் “மிகவும் துன்புறுத்தினார்கள், அவர் பெயர்களைச் சொல்லவில்லை” என்பதோடு பதினொரு வயதுக்குப் போதும். அதற்கு மேல் கேட்கும் பிள்ளைக்கு “பெரியவனானதும் வாசிக்கலாம்” என்று சொல்லுங்கள். நமக்குள் ஒன்று: ஆசிரியர்களில் சிலருக்கு இதை விவரமாகச் சொல்வதில் ஒரு சுவாரசியம் வந்துவிடும். பையன்கள் கண் விரிவதைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது.

எழப்போகும் கேள்விகள்

“சார், அப்போ ஜப்பான்காரன் நமக்கு எதிரியா, நண்பனா?” இந்தக் கேள்வி நிச்சயம் வரும். காரணம் நேதாஜி. பழைய தோட்ட வீடுகளில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் அவர் படம் மாட்டியிருந்ததைப் பார்த்த தாத்தாக்கள் இன்னும் இருக்கிறார்கள். சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலையில் சிங்கப்பூருக்கு வந்து இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையை ஏற்றார். தோட்டத்துத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். பெண்களுக்கு ஜான்சி ராணி படை. அதில் சேர்ந்த ஜானகி ஆதிநாகப்பன் அப்போது பதின்வயதுப் பெண். பின்னாளில் 1946இல் மலாயா இந்தியர் காங்கிரஸைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.

ஆக ஒரே லயத்தில், ஒரு வீட்டு அண்ணன் சயாமில் மடிந்திருக்கலாம், பக்கத்து வீட்டு அக்கா துப்பாக்கி ஏந்தி அணிவகுத்திருக்கலாம். இரண்டுக்கும் பின்னால் இருந்தது அதே ஜப்பானிய ஆட்சி. தைப்பிங்கில் கிடக்கும் இந்தியச் சிப்பாய் வெள்ளைக்காரனுக்காகப் போரிட்டவன். அவனோடு சேர்ந்து போரிட்டு ஜப்பானியரிடம் சிறைப்பட்ட சிலர் பிறகு இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். இதை ஒரே சொல்லில் நல்லவன், கெட்டவன் என்று முடித்து வைக்க முயலாதீர்கள். பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் புரியும், நாம் நினைப்பதைவிட நன்றாகவே புரியும். வீட்டிலேயே மாமாவும் சித்தப்பாவும் இரண்டு கட்சியாக இருப்பதைப் பார்த்து வளர்பவர்கள்தானே.

சீன மக்கள் பட்ட கொடுமையைத் தனியாகச் சொல்ல மறக்காதீர்கள். ஜப்பானியர் அவர்களைத்தான் குறிவைத்து ஆயிரக்கணக்கில் கொன்றார்கள். இன்று பள்ளிக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் அங்கிளின் குடும்பத்துக்கும் அந்தக் காலத்தில் ஒரு கதை இருக்கும். அப்புறம், இன்றைய ஜப்பானியர்களை ‘அவனுங்க’ என்று பேச வகுப்பில் இடம் கொடுக்காதீர்கள். கார்ட்டூன் அவர்களுடையது, கார் அவர்களுடையது, வெறுப்பு மட்டும் எண்பது வருடப் பழசு.

“எங்க கொள்ளுத்தாத்தா பேர் எங்கே சார் எழுதியிருக்கு?” இதுவும் வரும். “எழுதவில்லை” என்பதுதான் நேர்மையான பதில். அதைச் சொல்லிவிட்டு அந்தப் பெயரை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள்.

அன்றைய நாள்

காலை ஆறரைக்குப் பள்ளியில் கூடினால் ஏழுக்குக் கிளம்பலாம். காலை உணவு பேருந்தில் வேண்டாம், பள்ளியிலேயே முடித்துவிடுங்கள். அவித்த மரவள்ளிக்கிழங்கும் தேங்காய்ப்பூவும் கொடுத்துப் பாருங்கள். சர்க்கரையோ சம்பலோ இல்லாமல் ஒரு வாய், பிறகு சர்க்கரையோடு. மூன்றரை வருடம் இதுதான் சோறு என்று சொன்னால் போதும். மதியத்துக்கு மீகூன் அல்லது நாசி லெமாக் பொட்டலம், சைவப் பிள்ளைகளுக்குத் தனியாகப் பெயர் எழுதி. வெள்ளிக்கிழமை போகிறீர்கள் என்றால் மொத்தமும் சைவமாகச் சொல்லிவிடுவது வசதி.

இரண்டு இரண்டு பேராக ஜோடி. பேருந்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் ஜோடி சரியா என்று அவர்களே பார்க்க வேண்டும். ஆனாலும் தலை எண்ணும் வேலை ஒரே ஆசிரியருடையது. எல்லாரும் எண்ணினால் யாரும் எண்ணவில்லை என்று அர்த்தம். ஆஸ்துமா மருந்து, வாந்திப் பை, தொப்பி, மழைக்கோட்டு, மூடிய காலணி. கைப்பேசி ஆசிரியரிடம் மட்டும்.

கல்லறைத் தோட்டத்தில் நுழையும் முன் விதிகளை வாசலுக்கு வெளியே சொல்லுங்கள், உள்ளே போய்க் கத்த வேண்டாம். ஓடக் கூடாது, கல் மேல் சாயக் கூடாது, பூப் பறிக்கக் கூடாது, கல்லில் தாள் வைத்துத் தேய்த்து எழுத்தெடுக்கக் கூடாது. பேசலாம், சிரிப்பு வந்தால் சிரிக்கலாம். பிள்ளைகளைச் சிலை மாதிரி நிற்க வைத்தால் அவர்களுக்குப் பயம்தான் மிஞ்சும்.

வேலைத்தாள் நீளமாக வேண்டாம். நாங்கள் வைத்திருப்பது நான்கு தேடல்தான். உன் அண்ணன் வயதுடைய ஒரு வீரரைக் கண்டுபிடி. பெயர் இல்லாத ஒரு கல்லின் முன் நின்று அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார். சாலையின் இரு பக்கத்திலும் ஒவ்வொரு படைச் சின்னத்தை வரைந்து வா. 1941 டிசம்பர் அல்லது 1942 ஜனவரி தேதி உள்ள கல்லைக் கண்டுபிடித்து, அந்தத் தேதி வகுப்பு நிலப்படத்தில் ஒட்டிய நூலில் எங்கே விழுகிறது என்று சொல். கடைசித் தேடலில்தான் பிள்ளைகளுக்குப் பொறி தட்டும். “சார், இது கம்பார் சண்டை நடந்த தேதி!” என்று யாராவது ஓடி வருவார்கள். ஓடக் கூடாது என்ற விதியை அந்த நேரம் கண்டுகொள்ளாதீர்கள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கே வேண்டாம். நிழல் குறைவு.

ஈப்போ நினைவுத் தூணில் பெயர் வாசிப்புக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தான் கேட்டு வந்த பெயர், தோட்டம், திரும்பினாரா இல்லையா என்று மூன்றே வரி. பெயர் தெரியாதவர்கள் “எங்கள் பாட்டியின் அண்ணன்” என்று வாசித்தால் போதும். யாரும் கிடைக்காத பிள்ளைக்கு வகுப்பில் கிடைத்த வேறொரு பெயரை முன்பே கொடுத்து வையுங்கள், விடுபட்டதாக அவனுக்குத் தோன்றக் கூடாது. எதிரில் சாலைச் சத்தம் அதிகம், சின்ன ஒலிபெருக்கி ஒன்று கைவசம் இருக்கட்டும்.

திரும்பி வந்த பிறகு

மறுநாளே எழுத வையுங்கள். ஒரு வாரம் விட்டால் “சுற்றுலா மகிழ்ச்சியாக இருந்தது, நாசி லெமாக் சுவையாக இருந்தது” என்று எல்லாக் கட்டுரையும் ஒரே கட்டுரையாகிவிடும். கட்டுரைத் தலைப்பைக் குறுக்குங்கள்: ஒரே ஒரு கல்லைப் பற்றி, அல்லது ஒரே ஒரு கேட்ட கதையைப் பற்றி மட்டும்.

பெயர்த்தாள்களைச் சேர்த்து ஒரு பெரிய பலகையாகப் பள்ளி நடைவழியில் மாட்டுங்கள். பெயர், தோட்டம், உறவு, யார் சொன்னது. சரியாகத் தெரியாததைக் கேள்விக்குறியோடு எழுதுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். பெற்றோர் சந்திப்பு நாளில் அதைத் திறந்து வைத்து, கதை சொன்ன தாத்தா பாட்டிகளை அழையுங்கள். சாய்வு நாற்காலி, குடிக்கச் சுடுநீர், பக்கத்திலேயே கழிப்பறை இருக்கும் வகுப்பறை. மேடைப் பேச்சு வேண்டாம், பலகைக்கு முன் உட்கார வைத்தாலே அவர்கள் பேசுவார்கள். ‘அது எங்க சின்னையா பேர் இல்லை, மூத்தவர் பேர்’ என்று திருத்தங்கள் வரும், பென்சிலோடு ஒரு மாணவன் பக்கத்தில் இருக்கட்டும்.

பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்வதென்றால் அனுமதி கேட்டுச் செய்யுங்கள். கோப்பின் பெயரில் சொன்னவர் பெயர், தோட்டத்தின் பெயர், தேதி மூன்றும் இருக்க வேண்டும். பள்ளிக் கணினியில் ஒன்று, பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளரிடம் ஒன்று, அந்தக் குடும்பத்துக்கு ஒன்று. கணினி மாறும், தலைமையாசிரியர் மாற்றலாகிப் போவார், ஆகவே மூன்று நகல் அதிகமில்லை. இலாகாவுக்கு அனுப்பும் அறிக்கையோடு பலகையின் படத்தையும் இணைத்துவிட்டால் அடுத்த ஆண்டு அனுமதிக் கடிதத்தில் எழுத வேண்டிய ‘நோக்கம்’ பகுதி தயாராக இருக்கும்.